பழைய காங்கா வாங்கும்முன் கட்டையைப் பாருங்கள்

நியூ ஜெர்சிக்குக் குடிவந்த மூன்றாம் ஆண்டில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் நடந்த விற்பனையில் கியூப மரபில் வந்த, கையால் வாசிக்கும் உயரமான காங்கா டிரம்கள் இரண்டை வாங்கினேன். பத்து நிமிடம் வாசித்துப் பார்த்தேன். நாதம் நன்றாகவே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தோலை மாற்றுவதற்காகப் பெரிய டிரம்மின் வளையத்தை (தோலை வாயோடு பிடித்திருக்கும் உலோக வட்டம்) கழற்றியபோதுதான், வாயின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மரம் சிதைந்திருந்ததும், அந்தப் பள்ளத்தில் தச்சர்கள் ஓட்டை அடைக்கப் பயன்படுத்தும் மக்கை அடைத்து மேலே சாயம் பூசியிருந்ததும் தெரிந்தது. புதுத் தோலை இழுத்துக் கட்டிய இரண்டாம் வாரத்தில் மக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. மிருதங்கம் வாங்கப் போனால் முதலில் கட்டையைப் பார், மூட்டு என்னும் தோல் பகுதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று என் ஆசிரியர் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். வாத்தியத்தின் பெயர் மாறியதும் அந்தப் பாடத்தை நான் மறந்திருக்கக் கூடாது. காங்காவிலும் தோல், வளையம், அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கொக்கி, நட்டு ஆகிய அனைத்தும் மாற்றக்கூடியவை. கட்டை ஒன்றுதான் மாற்ற முடியாதது.

காங்காவின் கட்டை பெரும்பாலும் மிருதங்கத்தைப் போல ஒரே மரத்தைக் குடைந்து செய்ததல்ல. பீப்பாயைப் போல, நீளப் பலகைகளை வளைத்து, பக்கவாட்டில் பசையிட்டு ஒட்டிச் செய்தது. ஆகவே அதில் வரும் பிளவு இரண்டு வகைப்படும். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் பசை விட்டு நேர்க்கோடாகத் திறப்பது ஒன்று. இதை நல்ல மரப்பசையும் இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளும் கொண்டு வீட்டிலேயே சரிசெய்துவிடலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் இது நல்ல காரணம். ஒரு பலகையின் நடுவிலேயே, மரத்தின் ரேகையையொட்டிக் கோணல்மாணலாக ஓடும் வெடிப்பு மற்றொன்று. அது கொக்கிகளைத் தாங்கும் உலோகத் தகட்டின் திருகுத் துளையிலிருந்து தொடங்கியிருந்தால், ஒவ்வொரு முறை சுருதி கூட்டும்போதும் மேலும் விரியும். அத்தகைய டிரம்மை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் நான் எடுப்பதில்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிய வெளிச்சமே போதும். டிரம்மைப் படுக்கவைத்து, அடிவாயின் வழியாகக் கைவிளக்கு ஒன்றை உள்ளே வைத்து, அறையின் விளக்கை அணைத்துவிட்டு, வெளிப்புறத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பசை விட்ட இடத்தில் மயிரிழை போன்ற ஒளிக்கோடு தெரியும். பிறகு அதே விளக்கைக் கையில் பிடித்து, அடிவாயின் வழியாக உட்புறத்தைப் பாருங்கள். வெளியே எவ்வளவு அழகாகச் சாயம் அடித்திருந்தாலும் உட்புறத்தை மெருகூட்ட எவரும் மெனக்கெடுவதில்லை. வழிந்து காய்ந்த பசை, பிற்காலத்தில் ஒட்டிய துணிப்பட்டை, மக்கின் வெள்ளைத் தடம் எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். அடிப்பக்கத்தில் மாவு போன்ற மரத்தூளும் குண்டூசித் தலை அளவுத் துளைகளும் தெரிந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். தாய்லாந்தில் செய்யப்படும் பல டிரம்கள் ரப்பர் மரத்தாலானவை. சியாம் ஓக் என்ற பெயரில் விற்கப்படுவதும் அதுவேதான். ரப்பர் மரத்தை வண்டு எளிதில் உளுக்கச் செய்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால், பக்கத்தில் இருக்கும் நல்ல டிரம்முக்கும் ஆபத்து.

கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும் பயனுள்ளது. சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவதுபோலத்தான்: விரிசல் இல்லாத கட்டை ஒரே சீராக ஒலிக்கும், விரிசல் உள்ளது அந்த இடத்தில் கரகரக்கும். தளர்ந்த நட்டும் அதே கரகரப்பைத் தரும் என்பதால், நட்டுகளை முதலில் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத் தட்டுவது நல்லது.

அடுத்தது வாயின் வட்டம். பொதுவாகச் சிறிய வகையான கிண்டோ 11 அங்குலம், காங்கா என்றே அழைக்கப்படும் நடுத்தர வகை 11.75 அங்குலம், பெரிய வகையான தும்பா 12.5 அங்குலம் என்ற அளவை ஒட்டியே வாய்கள் அமைகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். அளவுநாடாவை மூன்று திசைகளில் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு எனக்குப் பொருட்டல்ல. அதற்கு மேல் போனால், வளையம் ஒரு பக்கம் கட்டையை உரசும், மறுபக்கம் இடைவெளி விடும். எத்தனை முறை இறுக்கினாலும் சுருதி ஒரு நிலையில் நிற்காது.

வளையம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கொக்கியின் மரை முழுவதும் நட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் தோல் தன் எல்லைவரை இழுபட்டுவிட்டது, இனி இறுக்க இடமில்லை. ஒரு ஸ்பேனரை உடன் எடுத்துச் சென்று எல்லா நட்டுகளையும் அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். மரை தேய்ந்த கொக்கி ஒன்றிரண்டு இருப்பது பெரிய குறையல்ல. ஆனால் உற்பத்தி நின்றுபோன வகை டிரம்மில் வளையமே வளைந்திருந்தால், அதே அளவில் இன்னொன்று தேடிக் கிடைப்பது கடினம்.

நான் வசிக்கும் பகுதியில் எல்.பி. (லத்தீன் பெர்கஷன்) நிறுவனத்தின் பழைய டிரம்கள் அடிக்கடி விற்பனைக்கு வருவதில் வியப்பில்லை. கியூபாவிலிருந்து பொருள்கள் வருவது நின்றுபோன காலத்தில், மார்ட்டின் கோஹன் 1964ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. இதே நியூ ஜெர்சியில்தான் வளர்ந்தது. டிரம்மின் முகப்பில் உள்ள சின்னத் தகட்டில் பலிசேட்ஸ் பார்க் என்றோ கார்ஃபீல்டு என்றோ ஊர்ப்பெயர் இருந்தால் அது பழையது. பிற்காலத்தவை தாய்லாந்திலிருந்து வந்தவை. ஆனால் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு திருகுகளைக் கழற்றினால் அது இடம் மாறிவிடும். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் தேடுவோருக்குக் கிடைப்பது கான் பாப்ஸ். மரியானோ பொபடியா 1954இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பழைய டிரம்களை, கொக்கிகளைத் தாங்கும் கண்ணீர்த்துளி வடிவத் தகடுகளைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம்.

இவற்றுக்கும் முந்தைய கியூப மரபில் கொக்கியே கிடையாது. தோலை வாயைச் சுற்றி ஆணியடித்துப் பொருத்தி, நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள். அந்தத் தொல்லையிலிருந்து வாசிப்பவர்களை விடுவித்து, ஸ்பேனரால் சுருதி கூட்டும் காங்கா உருவாகக் காரணமானவராகக் கார்லோஸ் பட்டாட்டோ வால்டெஸைச் சொல்வார்கள். ஆணி மரபு டிரம்முக்குப் பிற்பாடு கொக்கிகள் பொருத்தியிருந்தால், வாய்க்குக் கீழே பழைய ஆணித்துளைகள் வரிசையாகத் தென்படும். அது குறையே அல்ல. துளைகளுக்கு இடையில் வெடிப்பு ஓடவில்லை என்றால், அத்தகைய ஒன்றை நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன்.

தோலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் ஏமாறுவது அங்கேதான் தொடங்குகிறது. புதிய தோல் மோசமான கட்டையை ஓரிரு மாதங்களுக்கு நன்றாகப் பேசவைக்கும். கிழடுதட்டிய தோல் அருமையான கட்டையை ஊமையாக்கிவிடும். சென்ற ஆண்டு வாங்கிய தும்பா அப்படித்தான் இருந்தது. ஈரச் சாக்கைத் தட்டுவது போன்ற ஓசை. முந்தைய நாள் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று போய்விட்டதாக விற்ற பெரியவரே சொன்னார். ஒரு கொக்கி மட்டும் உடைந்திருந்தது. வளையத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்து, மறுபக்க நட்டுகளைத் தளர்த்தவும் உதவினார். தோலை எடுத்ததும் விளிம்பில் விரல் வைத்து ஒரு முழுச் சுற்று வந்தேன். எங்கும் பள்ளமில்லை, சில்லுப் பெயரவில்லை. அவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன்.

அன்றுமுதல் விற்பவரிடம் நான் முதலில் கேட்பது வளையத்தைக் கழற்ற அனுமதி உண்டா என்பதுதான். மறுப்பவருக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆயினும் விளிம்பைப் பார்க்காமல் நான் பணம் எடுப்பதில்லை.