உப்பு ஏறியிருக்கும்மா

"கிட்னியில உப்பு ஏறியிருக்கும்மா. கவனமா இருக்கணும்."

நான் சொன்னது இவ்வளவுதான். "சரிங்க டாக்டரம்மா" என்றார். சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். இரண்டு வருடமாக அந்த மூன்று நிமிடத்தைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிரியாட்டினினை 'உப்பு' என்று சொல்வது புதிதில்லை. சென்னையில் எந்த ஓ.பி.யில் போய் உட்கார்ந்தாலும் காதில் விழும். யூரியாவும் உப்பு, கிரியாட்டினினும் உப்பு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போனால் அதுவும் உப்புதான். நோயாளிக்குப் புரிகிற வார்த்தையில் பேசுகிறோம் என்று நம்பித்தான் சொல்கிறோம். கிரியாட்டினின் தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் தேங்குகிறது. சமையல் உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

தண்டையார்பேட்டையில் இட்லிக்கடை வைத்திருப்பவர். வயது 55, பல வருடச் சர்க்கரை. நான்கு மாதம் கழித்து மகளோடு வந்தார். 1.6 இருந்த கிரியாட்டினின் 3.9 ஆகியிருந்தது. முகமும் காலும் வீங்கியிருந்தன. "உப்பைக் குறைக்கலையா?" என்றுதான் நானும் முதலில் கேட்டேன்.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டாக்டர் இப்படிக் கேக்குறீங்க? அம்மா சாப்பாட்டுல உப்புக்கல்லே கிடையாது. கடை சாம்பார்லயே உப்பக் கொறச்சிட்டாங்க. டேஸ்ட் இல்லன்னு பாதிப் பேர் வர்றதே இல்ல. அப்புறம் யாரோ இந்துப்பு நல்லதுன்னாங்கன்னு அத வேற வாங்கினோம்."

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கைப்பையில் இருந்த மாத்திரைகளை மேசையில் கொட்டினார். நடுவில் ஒரு துண்டு அட்டை. மெடிக்கலில் நான்கு மாத்திரைக்கு வெட்டிக் கொடுத்தது. பெயர் இருந்த பக்கம் வெட்டில் போய்விட்டது. பின்பக்கத் தகட்டில் 'சோடியம்' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் மிச்சமிருந்தது. டைக்ளோஃபினாக் சோடியம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைத்துவிடக்கூடிய வலி மாத்திரை.

"முட்டி வலிக்கும்மா. நாள் பூரா நின்னுகினே இருக்கணுமே. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

முன்பு எப்போதாவது போட்டுக்கொண்டது. வியாபாரம் குறைந்ததும் கூடமாட இருந்த பெண்ணை நிறுத்திவிட்டு எல்லா வேலையையும் தானே பார்த்திருக்கிறார். வலி கூடியிருக்கிறது, மாத்திரையும் கூடியிருக்கிறது. இதை இப்படிக் கோத்துப் பார்ப்பது நான்தான். அவர் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

சிறுநீரக நோயில் சாப்பாட்டு உப்பையும் குறைக்கத்தான் வேண்டும், நாளுக்கு 5 கிராமுக்குள். ஆகவே நான் சொன்னது முழுத் தவறில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டதுண்டு. தவறு சொன்னதில் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான். வலி மாத்திரை போடுகிறீர்களா என்று நான் கேட்கவே இல்லை.

அந்த அம்மா முதல்முறை வந்த அன்று காலையில் அதே 1.6 கிரியாட்டினின் அளவோடு இன்னொருவர் வந்திருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்திருந்தார். அவரோடு இருபது நிமிடம் பேசினேன். சீட்டின் பின்பக்கத்தில் சிறுநீரகத்தை வரைந்து காட்டி, எந்தெந்த வலி மாத்திரை கூடாது என்று எழுதியும் கொடுத்தேன். அவர் கேட்டார், சொன்னேன். அந்த அம்மா கேட்கவில்லை. நீண்ட நாள் இதுதான் என் சமாதானமாக இருந்தது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்தானே கேட்க முடியும்? இன்னொன்றும் உண்டு. அந்தப் பட்டியல் எனக்கு ஆங்கிலத்தில்தான் சரளமாக வருகிறது. தமிழில் சொல்ல ஆரம்பித்தால் தடுக்குகிறது, தடுக்கினால் சுருக்கிவிடுகிறேன். வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான்.

குழந்தைக்குச் சிரப் எழுதும்போது மூடியில் எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும் என்று அம்மாக்களுக்குக் காட்டுகிறோம். வளர்ந்தவர் தனியாக வந்தால், தலையாட்டினாலே புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

நான் படித்தபோது நோயாளியிடம் பேசுவது எப்படி என்று தனியாக ஒரு பாடம் இல்லை. 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்துதான் எம்.பி.பி.எஸ். படிப்பில் அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அப்படிப் படித்து வந்த ஜூனியர் ஒருவர் போன மாதம் பக்கத்து மேசையில் ஒரு பெரியவரிடம், "உப்பு கொஞ்சம் ஏறியிருக்குங்க ஐயா" என்றார். ஓ.பி. நிறைந்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் சொல்லி முடித்ததும், "வீட்ல போய் என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க" என்று கேட்கிறேன். பலர் சொல்கிறார்கள். ஒரு லாரி டிரைவர், "என்னை என்ன ஸ்கூல் பையனாட்டம் நிக்க வெச்சுக் கேக்குறீங்க?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். கூட்டம் அதிகமான நாட்களில் கேட்பதை விட்டுவிடுகிறேன். அந்த வங்கிக்காரருக்கு இன்னும் அதே 1.6 தான். நான் விளக்கியதால் என்று நினைக்கத் தோன்றுகிறது. அவருக்கு முட்டி வலியே கிடையாது என்பதும் உண்மை.

இட்லிக்கடை அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்திய பிறகு 2.7 வரை இறங்கியது. பழைய அளவுக்குத் திரும்பவில்லை. என் மேல் அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. அன்று நான் சரியாகச் சொல்லவில்லை என்று நானும் இதுவரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் வந்தபோது வெளியே பெஞ்சில், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. "உப்புன்னா சாப்புடற உப்பு இல்லடி. ரத்தத்துலயே ஊறுற உப்பு. அதுக்கு மாத்திரை எதுவும் போடாம இருந்தாலே இறங்கிடும்."

எழுந்து போய், "எல்லா மாத்திரையும் இல்லம்மா, வலி மாத்திரை மட்டும்தான்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். அது யாருடைய நோயாளி என்றுகூடத் தெரியவில்லை. இன்னும் 26 டோக்கன் இருந்தது. பெல்லை அழுத்தினேன்.