ஸ்கிரிப்ட்டைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை

எங்கள் வீதி நாடகக் குழுவில் ஒன்பது பேர். இரண்டு பறை, ஆளுக்கொரு சிவப்புத் துண்டு, இவ்வளவுதான் சாமான். மைக் கிடையாது. பேருந்து நிலையம் பக்கம் ஆணவக் கொலை பற்றிய நாடகத்தைத் தொடங்கிய பத்தாவது நிமிடம் போலீஸ் வந்து பறையை நிறுத்தச் சொன்னது. கூட்டம் கலைந்தது. வட்டத்தின் நடுவே செத்துக் கிடந்த தோழி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்டேஷனில் சொன்னார்கள்: "ஸ்கிரிப்ட்டைக் குடுங்க. படிச்சுட்டுத்தான் சொல்லுவோம்."

முன்பு இரண்டு முறை கொடுத்திருக்கிறோம். இரண்டு முறையும் வசனம் அடிபட்டது. இம்முறை மறுத்தோம். வெள்ளைக்காரன் 1876இல் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் வழியில், ஸ்கிரிப்ட்டைக் கேட்கவும் நாடகத்தைத் தடுக்கவும் அதிகாரம் தரும் ஒரு சட்டம் இங்கே 1954இல் வந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது. வக்கீல் அக்கா அந்தத் தீர்ப்பை நகலெடுத்துக் கொடுத்தார்.

புது மனுவில் இடம், தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் பெயர் மட்டும் எழுதினோம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மனு வரவேயில்லை என்பார்கள். மூன்று நாள் கழித்து, "சட்டம் ஒழுங்கு கெடும், ஒரு மண்டபம் பிடிச்சுப் போடுங்களேன்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள்.

மண்டபத்துக்கு வருகிறவர்களுக்காகவா வீதி நாடகம்? டெல்லி வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மி 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை அடுத்த சாகிபாபாத் அருகே நாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். 4ஆம் தேதி அவர் மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குப் போய் அந்த நாடகத்தை நடித்து முடித்தார்கள். நாங்களும் அதே பேருந்து நிலையம்தான் வேண்டும் என்றோம்.

"மறுப்பை எழுத்துல குடுங்க சார்" என்று கேட்டதும் பேச்சு மாறியது. எழுதிக் கொடுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். மனு, தீர்ப்பு இரண்டின் நகலையும் டி.எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், ஒப்புகை அட்டையோடு. ஒரு வாரத்தில் அனுமதி வந்தது.

'யார் மனமும் புண்படக் கூடாது' என்று ஒரு நிபந்தனை. பிள்ளையைக் கொன்றவர்களைப் பற்றிய நாடகத்தில் யார் மனதைக் காப்பாற்றுவது? அதை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பறையை எடுத்தோம்.

பழ வண்டிக்காரம்மா தன் வண்டியை நகர்த்தி இடம் விட்டார். தோழி அதே இடத்தில் விழுந்தாள். நாடகம் முடிந்த பிறகுதான் எழுந்தாள்.