பிராக்: அரசர் பவனி போன வழி

மே 14, 2024, செவ்வாய்

டிராமை விட்டு இறங்கியதும் எதிரே வெடிமருந்துக் கோபுரம். கல்லெல்லாம் கறுத்திருக்கிறது. பொகீமிய (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) அரசர்கள் முடிசூடப் பவனி போன வழி இங்கேதான் தொடங்குகிறது. பழைய நகரச் சதுக்கம், வல்டாவா ஆற்றுப் பாலம், நெருடோவா மேடு, கடைசியில் கோட்டைக்குள் புனித வீட்டஸ் பேராலயம். வேகமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். துண்டு துண்டாக நடப்பதாக உத்தேசம்.

கோபுரம் கட்டத் தொடங்கியது 1475இல், பக்கத்தில் இருந்த அரண்மனைக்கு அழகு சேர்க்க. சில ஆண்டுகளில் மன்னர் இரண்டாம் விளாதிஸ்லாவ் கோட்டைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். வேலை அப்படியே நின்றது. பிறகு வெடிமருந்து அடைத்து வைத்தார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. இப்போது அண்ணாந்து வியக்கும் கூரையும் சிற்பங்களும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் வேலை.

மே 15, புதன்

செலெட்னா தெருவில் கண்ணாடிச் சாமான் கடைகள், மறுபடியும் கண்ணாடிச் சாமான் கடைகள். கறுப்பு மாதா வீட்டின் முன் மட்டும் நின்றேன். கோணங்களும் பட்டைகளுமாக அமையும் கியூபிச பாணியில் 1912இல் முடிந்த கட்டடம். மூலையில் கம்பிக்கூண்டுக்குள் மாதா.

சதுக்கத்தில் மணி அடிக்கும் நேரம். 1410ஆம் ஆண்டுக் கடிகாரத்தில் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கிறது, இயேசுவின் சீடர்கள் சன்னலில் வந்து போகிறார்கள். கூட்டம் முழுக்கக் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தது. பொம்மைகள் பெரிய ஏமாற்றமில்லை, பெரிய அதிசயமும் இல்லை.

கடிகாரம் இருக்கும் நகர மன்றத்தின் கிழக்குப் பக்கம், தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். அவற்றின் மேலேயே மிதித்துப் போகிறார்கள். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்ச மன்னருக்கு எதிராக எழுந்த பொகீமியர் 1620 நவம்பர் 8 அன்று வெள்ளை மலைப் போரில் தோற்றார்கள். மறு ஆண்டு ஜூன் 21 அன்று பிரபுக்கள் 3 பேர், குதிரைவீரர் மரபினர் 7 பேர், நகரவாசிகள் 17 பேர் இங்கே கொல்லப்பட்டார்கள். யான் மிட்லார்ஷ் என்ற ஒரே ஆள்தான் வாளும் கயிறும் பிடித்தவர். இறந்தவர்களில் ஒருவர் யான் யெசேனியுஸ், பல்கலைக்கழகத் தலைவர். 1600இல் இதே நகரில் பொதுமக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்துப் பாடம் நடத்திய மருத்துவர். அவருக்கு முதலில் நாக்கை அறுத்தார்கள், பிறகுதான் தலையை. வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். இன்று அதற்கு மேல் நடக்க மனமில்லை.

மே 16, வியாழன்

விடியற்காலையில் போனதால் சார்லஸ் பாலம் காலியாக இருந்தது. பாலத்தின் நுழைவாயிலில் பழைய நகரப் பக்கத்துக் கோபுரம். நேற்றுப் பார்த்த சிலுவைகளுக்கு உரியவர்களில் 12 பேரின் தலைகளைப் பத்தாண்டுகள் தொங்கவிட்டது இதில்தான். முடிசூட வரும் அரசர் குனியாமல் நுழையும் வாயிலும் இதுவே.

நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் இட்ட பாலம். ஓரங்களில் 30 சிலைகள், பலவும் இப்போது பிரதிகள். நெப்போமுக் யான் சிலை மட்டும் வெண்கலம் தேய்ந்து மின்னுகிறது. தொட்டால் நல்லது நடக்குமாம். 1393இல் அந்தப் பாதிரியாரை ஆற்றில் எறியச் சொன்னதும் ஓர் அரசர்தான், சார்லஸின் மகன் நான்காம் வென்செஸ்லாஸ். நான் தொடவில்லை.

மே 18, சனி

நெருடோவா தெரு மூச்சு வாங்க வைக்கிறது. நல்லவேளை, நின்று பார்க்கச் சாக்கு இருக்கிறது: 1770இல் கதவிலக்கம் வரும் வரை வீடுகளுக்கு அடையாளமாக இருந்த சின்னங்கள். மூன்று வயலின்கள் உள்ள வீட்டில் வயலின் செய்வோர் குடும்பம் வாழ்ந்திருக்கிறது. இந்த ஊர்வலப் பாதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பேராலயத்துக்கு அடிக்கல் 1344இல், முடிந்தது 1929இல். அதாவது அரசர்கள் முடிசூடியதெல்லாம் முடியாத கோயிலில். கடைசியாக 1836இல் முடிசூடியவர் ஐந்தாம் பெர்டினாண்ட். 1848இல் அரியணையை விட்டு இறங்கி இதே கோட்டையில் 1875இல் இறக்கும் வரை குடியிருந்தார். அவருக்குப் பின் 68 ஆண்டுகள் ஆண்ட பிரான்ஸ் யோசப் இந்த முடிக்காக வரவேயில்லை.

தெற்குக் கோபுரத்துக்கு 287 படிகள். டிக்கெட் வரிசை நீளம். திங்கள் காலை பார்க்கலாம்.