ஆளை அளக்காமல் செய்த இருக்கை

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் ஃபைபர் படகு வேலைக்கு வந்து 22 வருஷமாகிறது. ஓட்டை அடைப்பது, மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு ரெசின் பசை பூசுவது, அணியம், அதாவது படகின் முன்முனை, மோதி உடைந்தால் ஒட்டிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. படகை அளக்கத் தெரியும். ஆளை அளந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தம்பி வந்தான். இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே இல்லை. வடகடலில் கரையோரமாக நண்டு வலை விட ஒரு சின்ன வள்ளம் வைத்திருந்தான். "அண்ணே, உக்காந்து தண்டு வலிக்க ஒரு சீட்டு வச்சுக் குடுங்க" என்றான். தண்டு வலிப்பது என்றால் துடுப்பை இழுத்துப் படகை ஓட்டுவது. குறுக்குப் பலகைமேல் சாய்மானம் வைத்து, நெஞ்சுக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு பெல்ட் பூட்டி, ஒரே நாளில் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள் திரும்பி வந்தான். உட்காரும் இடமெல்லாம் தோல் உரிந்து புண். துடுப்பை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் உடம்பு முன்னால் வழுக்கியிருக்கிறது. கால் உள்ளவன் உதைத்து ஊன்றி அதை நிறுத்திக்கொள்வான். அவனுக்கு நிறுத்த எதுவுமில்லை. அந்தப் புண் என் கைவேலையால் வந்தது. இன்றைக்கும் உறுத்துகிறது.

அவன்தான் போனில் ஒக்சானா மாஸ்டர்ஸ் என்ற விளையாட்டு வீராங்கனையைக் காட்டினான். 1989-ல் உக்ரைனில் பிறந்தவர். பிறவியிலேயே காலெலும்புகள் சரியாக இல்லை, கைகளில் கட்டைவிரலும் இல்லை. அனாதை இல்லத்திலிருந்த அவரை 7 வயதில் ஓர் அமெரிக்கப் பெண் தத்தெடுத்தார். 9 வயதில் ஒரு காலையும் 14 வயதில் மற்றதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே, 13 வயதில் தண்டு வலிக்கப் போயிருக்கிறார். 2012 லண்டன் பாராலிம்பிக்கில், ஆப்கானிஸ்தானில் கால்களை இழந்த ராணுவ வீரர் ராப் ஜோன்ஸோடு சேர்ந்து 1000 மீட்டரில் வெண்கலம்.

எனக்கு இருக்கைமேல்தான் கண். வழக்கமான துடுப்புப் பந்தயப் படகுகளில் இருக்கை முன்னும் பின்னும் ஓடும், விசையில் பெரும்பங்கு காலிலிருந்து வரும். இவர்கள் பிரிவில் இருக்கை அசையாது. தொடையைக் கட்டிக்கொண்டு முதுகாலும் கையாலும் வலிக்க வேண்டும்.

பிறகு முதுகுக் காயம் அவரைப் படகைவிட்டு இறக்கிவிட்டது. ஆனால் 2014-ல் ரஷ்யாவின் சோச்சியில் பனிச்சறுக்கில் வெள்ளியும் வெண்கலமும் எடுத்தார். எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வலைமேல் படிகிற ஈரம்தான். அங்கே இரண்டு சறுக்குக் கட்டைமேல் ஒரு சட்டம், சட்டத்தின்மேல் இருக்கை, கையில் இரண்டு கோல். படகில் இழுத்த அதே கை இங்கே ஊன்றித் தள்ளுகிறது. டோக்கியோவில் கையால் சுற்றி ஓட்டும் சைக்கிளில் 2 தங்கம், 2022 பெய்ஜிங் பனியில் 7 பதக்கம் என்று பட்டியல் நீள்கிறது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசினால் எல்லாரும் மனஉறுதி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். உறுதி எங்கள் தம்பிக்கும் இருந்தது. அந்த உறுதியால்தான் நாலு நாள் புண்ணோடு தண்டு வலித்தான்.

புண் ஆறியபிறகு அவனை ஈர மணலில் உட்காரவைத்தேன். பதிந்த பள்ளத்தின்மேல் பாலித்தீன் தாள் விரித்து மேட் போட்டேன். தொடைக்கு அடியில் முன்விளிம்பை ஏற்றி, பெல்ட்டை இடுப்பெலும்புக்கு இறக்கி, உள்ளே ஃபோம் ஒட்டினேன். ஆறு நாள் பிடித்தது. மூன்று தடவை பிரித்தேன்.

போன வாரம் வந்தான். இடது பக்கம் அரை அங்குலம் ஏற்ற வேண்டுமாம், வெகுநேரம் தண்டு வலித்தால் அந்தப் பக்கம் சாய்கிறதாம். மணல் பெட்டியை மறுபடி நனைத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு வலை எடுத்துக் கரைக்கு வந்ததும் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.