இரண்டாவது கியர் விழ மறுத்தபோது

மார்கழி மாதம், ஏற்காட்டில் காலை ஆறரை மணி. மாமனார் வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்து, முதல் கியரில் பத்தடி நகர்ந்து, இரண்டாவதுக்குத் தள்ளினேன். கியர் விழவில்லை. உள்ளே யாரோ கையை வைத்துத் தடுப்பது போல லீவர் பாதியில் நின்றது. கிளட்ச்சை அடிவரை மிதித்து, நியூட்ரலில் ஒரு நொடி வைத்து மறுபடி தள்ளியதும் 'கர்ர்' என்ற சத்தத்தோடு போய் உட்கார்ந்தது.

சேலத்துக்கு இறங்கும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிவிடும். வண்டியைப் பிடித்து இறக்குவது இரண்டாவது கியர்தான். அது விழுமா விழாதா என்ற பயத்தோடு, மனைவியையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அன்று இறங்கியதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் பாதி மலை இறங்கியதும் கியர் தானாகவே இலகுவாகிவிட்டது. சேலம் வந்தபோது எந்தத் தொந்தரவும் இல்லை. குளிரில் மட்டும் மறுக்கிறது, சூடானால் சரியாகிறது. இது முக்கியமான துப்பு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வண்டி 2010 மாடல் ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் மேனுவல், 92,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்று மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தேன். அதனால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றால் கியர் சிக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜின் ஓடும்போது, வண்டி நின்ற நிலையில், கிளட்ச்சை மிதித்து மூன்று நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல் விழுந்தது. கிளட்ச் விடுபடாமல் இருந்தால் அங்கே கண்டிப்பாகக் கரகரக்கும். ஆக, கிளட்ச் இல்லை.

அப்புறம்தான் பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது உள்ளே இருக்கும் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள். பில்லில் 'கியர் ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5' என்று இருந்தது. பட்டறைக்குப் போன் செய்து கேட்டேன். "நைன்ட்டி ஆயில்தாங்க ஊத்தியிருக்கோம். லாரிக்கே அதுதான். நல்ல கனமான ஆயில், கியருக்கு நல்லதுங்க" என்றார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. மனதார அதை நம்புகிறார்கள். கனமான ஆயில் நல்ல ஆயில் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறோம், நானும் நினைத்தேன்.

டேஷ்போர்டு பெட்டியில் பன்னிரண்டு வருடமாகக் கிடந்த கையேட்டை அன்று இரவுதான் முழுதாகப் புரட்டினேன். மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஹோண்டாவின் எம்டிஎஃப் (மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) என்ற ஆயில் மட்டும்தான். அது கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் ஊற்றலாம், கிடைத்ததும் எம்டிஎஃப்-க்கு மாற்றிவிட வேண்டும். கியர்பாக்ஸில் இன்ஜின் ஆயிலா என்று இரண்டு முறை படித்தேன். ஆமாம், அப்படித்தான் போட்டிருக்கிறது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 80டபிள்யூ-90, 10டபிள்யூ-30 என்பவை ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கக்கூடாது. இன்ஜின் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல். கியர் ஆயில் 90 என்றால் இன்ஜின் ஆயில் 30-ஐப் போல மூன்று மடங்கு கெட்டி என்று அர்த்தமில்லை. 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90, ஏறக்குறைய இன்ஜின் ஆயில் 40 இருக்கும் இடத்தில்தான் வரும். ஆனால் 40 டிகிரியில் ஒப்பிட்டால், சாதாரண 80டபிள்யூ-90, 10டபிள்யூ-30-ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டி. மலைமேல் மார்கழிக் காலையில் அந்த இடைவெளி இன்னும் விரியும்.

கெட்டியானால் என்ன என்று கேட்கலாம். கியர் மாறும்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் சின்க்ரோ வளையம் ஒன்று உண்டு, பெரும்பாலும் பித்தளை வகை உலோகம். நாம் லீவரைத் தள்ளியதும் அந்த வளையம் கியரின் கூம்பு வடிவப் பகுதிமேல் போய் அழுந்தி, உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கும். சமமான பிறகுதான் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். அந்த உராய்வு நடக்க வேண்டுமானால் நடுவில் இருக்கும் ஆயில் படலம் சட்டென்று விலக வேண்டும். வளையத்தின் உள்பக்கம் மெல்லிய கோடுகள் வெட்டியிருப்பது அதற்காகத்தான். ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் விலகத் தாமதமாகும். நம் கை அதுவரை பொறுக்காது. தள்ளுகிறோம், கர்ர்.

அடுத்தது ஜிஎல் எண், கியர் ஆயில் எந்த வேலைக்கானது என்று சொல்லும் வகை எண். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பதைப் பார்த்து ஐந்து நான்கைவிட உயர்ந்தது என்று நினைத்துவிடக்கூடாது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கு. பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டிகளின் கிரவுனில், அதாவது பின் அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டியில் இருப்பது ஹைபாய்ட் கியர். அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று கடுமையாக வழுக்கி அழுந்தும். அதைத் தாங்க ஜிஎல்-5-ல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் அதிகம். சூட்டில் அவை இரும்பின்மேல், பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும் ஒரு படலத்தை உண்டாக்கிப் பல்லைக் காக்கும். அதே சேர்மானம் பித்தளையைச் சிறுகச் சிறுக அரிக்கக்கூடும். அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்த்த ஜிஎல்-5 ஆயில்களும் உண்டு. ஆனால் அவற்றிலும் அந்த வழுக்கும் தன்மை சின்க்ரோவுக்கு எதிராக வேலை செய்யலாம். என் வண்டி முன்சக்கர வண்டி. இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அதில் கியர்பாக்ஸுக்குள்ளேயே, அதே ஆயிலில் இருக்கிறது, ஹைபாய்டும் இல்லை. ஆக ஜிஎல்-5-க்கு அங்கே வேலையே இல்லை.

மறுநாள் ஆயில் கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் அக்கறையோடு 75டபிள்யூ-80 ஜிஎல்-4 டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். "ஸ்விஃப்ட்டுக்கெல்லாம் இதுதாங்க போகுது" என்றார். அவர் சொன்னது சரி, ஸ்விஃப்ட்டுக்கு அதுதான். ஆனால் என் கையேடு கேட்பது அது இல்லை. ஒரு கம்பெனி வண்டிக்கு ஜிஎல்-4, இன்னொன்றுக்குத் தனி எம்டிஎஃப், சில பழைய வெளிநாட்டு வண்டிகளின் மேனுவல் பாக்ஸுக்கு ஆட்டோமேட்டிக் வண்டியின் ஏடிஎஃப். பொதுவாக ஒன்றைச் சொல்லவே முடியாது. அங்கே 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் மட்டும் இரண்டு லிட்டர் வாங்கிக்கொண்டேன். எம்டிஎஃப் ஷோரூம் ஸ்பேர் கவுன்ட்டரில் சொல்லி வைத்து நான்கு நாளில் வந்தது. கூடவே கியர்பாக்ஸின் வடிக்கும் போல்ட், நிரப்பும் போல்ட் இரண்டுக்கும் அலுமினிய வாஷர், 14 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர், இரண்டிரண்டு.

ஏன் இரண்டு வகை ஆயில்? வடிக்கும்போது கியர்பாக்ஸில் இருக்கும் எல்லாமும் வெளியே வராது, ஓரத்தில் கொஞ்சம் தங்கும். முதலில் 10டபிள்யூ-30 ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதை வடித்துவிட்டு எம்டிஎஃப் ஊற்றினால் பழைய நைன்ட்டி ஆயில் பெரும்பாலும் கழுவிப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். கையேடே அனுமதிக்கும் ஆயில் என்பதால் பயமும் இல்லை.

பெரியப்பா மகன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம், பழைய பிட் ஒன்று உண்டு. பிட்டின் பெரிய நன்மை, வண்டி சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்கும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி இந்த வேலை செய்தால் ஆயில் மட்டம் தப்பாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு, ஞாயிறு காலை பிட்டுக்கு மேலே நிறுத்தினோம்.

அண்ணா ராட்செட்டை எடுத்து, "டிரெயினை முதல்ல கழட்டிடுடா, நீ மத்ததைப் பாக்குறதுக்குள்ள வடிஞ்சிடும்" என்றார். "வேண்டாம்ணா, முதல்ல ஊத்துற போல்ட் திறக்குதான்னு பார்ப்போம்" என்றேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியைத்தான் ஒருவர் ஞாபகம் வைத்துக்கொள்வார் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கீழே வடித்துவிட்ட பிறகு மேலே உள்ள போல்ட் திறக்காவிட்டால், ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு வண்டி அங்கேயே நிற்கும். ஓட்டிக்கொண்டு எங்கும் போக முடியாது.

நல்லவேளை அப்படிச் செய்தோம். 17 அளவு நிரப்பும் போல்ட் அசையவே இல்லை. கிளட்ச் வேலையின்போது மட்டுமீறி இறுக்கியிருக்கிறார்கள். தலையின் இரண்டு முனை ஏற்கெனவே லேசாக மழுங்கியிருந்தது. ரிங் ஸ்பேனர் போட்டால் வழுக்கும் என்று அண்ணாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்தோம். ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி நன்றாக உட்கார வைத்து, நீளக் கம்பியில் பைப் மாட்டி, வெட்டி இழுக்காமல் மெதுவாகப் பாரம் கொடுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். இல்லை, திறந்துவிட்டது. முப்பது வருடம் லேத்தில் நின்ற கைக்கு எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று தெரிகிறது. நான் தனியாகச் செய்திருந்தால் அந்தத் தலையை முழுதாக மழுக்கியிருப்பேன்.

டிரெயின் போல்ட்டில் சதுரக் குழி. 3/8 அங்குல ராட்செட் நேராக அதற்குள் போகும், சாக்கெட் தேவையில்லை. அது எளிதாக வந்துவிட்டது. ஆயில் தேன் போல இறங்கியது, கந்தக வாடை பட்டறை முழுக்க. மூன்று மாதமே ஆன ஆயில், ஆனால் சாம்பல் நிறம். ஆயில் பிடித்த தகரத்தை வெயிலில் வைத்துச் சாய்த்துப் பார்த்தோம். மெல்லிய தங்கப்பொடி போல மினுமினுத்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அடியில் நகர்த்தியபோது இரும்புத்தூள் சாம்பல் சேறாகக் கூடியது, தங்க மினுமினுப்பு நகரவில்லை. காந்தத்துக்கு வராத மஞ்சள் பொடி, சின்க்ரோ வளையம். அதைப் பார்த்ததும் மனது கனத்துவிட்டது. அது திரும்ப வராத உலோகம்.

கால் மணி நேரம் வடியவிட்டு, புது வாஷரோடு டிரெயின் போல்ட்டை மாட்டினோம். கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம், மரை போனால் பெரிய செலவு. அதனால் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து 39 நியூட்டன் மீட்டர். நிரப்பும் போல்ட்டுக்கு 44.

ஊற்றுவதற்குக் கீழே டப்பாவைச் சாய்க்க இடமே இல்லை. ஆறடி நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மேலே பானட் பக்கமிருந்து இறக்கி, நுனியை நிரப்பும் துளைக்குள் விட்டு, மேல்முனையில் புனல் வைத்தோம். அண்ணா மேலே, நான் கீழே. மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்பட்டால் புனல் வழியும். துளையின் கீழ்விளிம்பு வரை வந்து, ஆயில் வெளியே வழியத் தொடங்குவதுதான் சரியான மட்டம். வழிந்ததும் நிறுத்தி, சொட்டாக ஆகும் வரை பொறுத்து, போல்ட்டை மூடினேன். ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், பழைய ஆயில் எடுப்பவருக்கென்று அண்ணா வைத்திருக்கும் பீப்பாயில் ஊற்றினோம்.

மறுநாள் காலை சேலத்தில் முதல் வித்தியாசம் தெரிந்தது. இரண்டாவது கியர் கரகரக்கவில்லை, லேசான பிடிப்பு மட்டும். 600 கிலோமீட்டர் கழித்து அதே பிட்டில் மறுபடி வடித்தோம். புது ஆயில் அதற்குள் கறுத்திருந்தது, மினுமினுப்பு மிகக் குறைவு. இந்த முறை போல்ட் தொந்தரவு இல்லை, ஒரு மணி நேரத்தில் எம்டிஎஃப் உள்ளே போய்விட்டது.

தை பிறந்து இரண்டாவது வாரம் மறுபடி ஏற்காடு போனோம். குளிர் அப்படியே இருந்தது. அதே வாசல், அதே நேரம். முதல் கியரில் பத்தடி, அப்புறம் இரண்டாவது. இரண்டு விரலால் தள்ளினேன், விழுந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வேகமாகப் போகும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இறக்கினால் இன்னும் மெல்லிய உரசல் கேட்கிறது. தேய்ந்த வளையத்தை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. இப்போது அந்த இடத்தில் அரை நொடி பொறுத்துத் தள்ளுகிறேன்.

பானட்டுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், கீழே மூன்று வரி: 'கியர்பாக்ஸ் – எம்டிஎஃப் மட்டும். நைன்ட்டி ஆயில் வேண்டாம். மேல் போல்ட்டை முதலில் திறக்கவும்.'