பெற்றோல் கியூவிலிருந்து ஊரடங்கு வரை

2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் நடந்ததைப் பேசத் தொடங்கினால், ஜூலை 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த காட்சிதான் எல்லோருக்கும் நினைவு வரும். சாதாரணக் குடும்பங்களை மாதக்கணக்கில் ஆபத்தில் வைத்திருந்தவை வேறு: பெற்றோல் செட் (எரிபொருள் நிலையம்) வாசல், இரவு மின்வெட்டு, வீட்டு மூலையில் ஒளித்துவைத்த பெற்றோல் கான். பாதுகாப்பு என்றதும் பலர் கேற்றுக்குப் பெரிய பூட்டுத் தேடுகிறார்கள். அதற்கு முன் பார்க்கவேண்டியவை இவை.

முதலில் கியூ. மார்ச் மாதத்தில் முதியவர்கள் கியூவிலேயே இறந்துபோனார்கள். 22 ஆம் திகதி செட்டுகளுக்கு இராணுவம் வந்தது. ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் எரிபொருளுக்காக வீதியையும் ரயில் பாதையையும் மறித்த சனத்தின்மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். கியூவில் நிற்கும் நீண்ட நேரம் பொதுவாக அமைதியாகவே போகும். இடையில் ஒருவர் செருகும்போதோ, மோட்டார் சைக்கிள்காரர் காத்திருக்க ஒருவருக்குக் கான் கானாக நிரப்பும்போதோ, "முடிஞ்சுது" என்று பம்பை மூடும்போதோதான் கைகலப்புத் தொடங்குகிறது. இதில் மூன்றாவதுதான் மிக மோசம். அந்த நேரம் எல்லோரும் களைத்திருப்பார்கள், கோபப்பட நியாயமும் இருக்கும். பம்பில் நிற்கும் பொடியன் எதற்கும் பொறுப்பில்லாதவன், ஆனால் முன்னால் நிற்பவன் அவன்தான்.

ஆகவே இனி அப்படியொரு கியூ வந்தால் கணக்குப் போட்டுவிட்டு நில்லுங்கள். எரிபொருள் கொண்டுவரும் சிறிய பௌசர் லொறி ஒன்று 6,600 லீற்றர். காருக்கு 20 லீற்றர் என்றால் 330 கார். அதே பம்பில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் அடித்தால் காருக்குப் போவது இன்னும் குறையும். உங்களுக்கு முன்னால் நானூறு கார் நின்றால் இன்றைக்குக் கிடைக்காது. நள்ளிரவுவரை நின்று, அந்தக் கடைசி நிமிடக் கொந்தளிப்புக்குள் மாட்டாமல் வீட்டுக்குப் போவது புத்தி. நிற்பதென்றால் இரண்டு பேராக மாறி மாறி நில்லுங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், குடை, அன்றைய மருந்து கையில் இருக்கவேண்டும். நெஞ்சு வருத்தம் உள்ளவரை வெய்யிலில் கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் தனியே இருத்தாதீர்கள். தள்ளுமுள்ளு வந்தால் மதிலோரம் ஒதுங்கவேண்டாம், அங்கேதான் நசிபடுவார்கள். இரண்டு கையையும் மடித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடித்துக்கொண்டு, கூட்டம் போகிற பக்கமே போய், சிறிது சிறிதாகச் சாய்வாக ஓரத்துக்கு வாருங்கள். எதிர்த்துத் தள்ளினால் விழுவீர்கள். கீழே விழுந்த செருப்பையோ போனையோ குனிந்து எடுக்கவே கூடாது.

அடுத்தது கான். கானில் பெற்றோல் விற்பதை அரசு தடுத்த பிறகும் வீடுகளில் சேர்ந்துகொண்டேதான் இருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மூடி சரியாக இறுகாத கானிலிருந்து இறங்கித் தரையோடு ஊர்ந்து, அடுத்த அறையில் எரியும் குப்பி விளக்குவரை போகும். அங்கே பற்றிய நெருப்பு அதே வழியால் கானுக்குத் திரும்பிவரும். சோடாப் போத்தலிலும் தண்ணீர்க் கானிலும் வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். வைத்தே ஆகவேண்டுமென்றால் எரிபொருளுக்கென்று செய்த கானில், வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 20 லீற்றர் கானில் 19 க்கு மேல் ஊற்றவேண்டாம், சூட்டில் விரிய இடம் வேண்டும். கானுக்குள் ஊற்றும்போது அதை நிலத்தில் வைத்தே ஊற்றுங்கள்.

இன்னொன்று, இது உயிர்ப் பிரச்சினை. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். அந்த அனுபவத்தை நம்பி இன்று ஒரே கானையும் ஒரே புனலையும் இரண்டுக்கும் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்தாலே விளக்கு வெடிக்கும். கானும் புனலும் வேறு வேறாக இருக்கட்டும். மண்ணெண்ணெய்க் கானில் நிறத் துணி கட்டிவிடுங்கள், இருட்டில் தடவினாலும் தெரியவேண்டும்.

காஸ் பற்றியும் சொல்லவேண்டும். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது சிலிண்டருக்குள் இருக்கும் கலவையை மாற்றியது பெரிய சர்ச்சையானது. அந்தக் கலவையில் புரோப்பேன் வாயு கூடினால் அழுத்தம் கூடும், பழைய ரெகுலேட்டரும் வெடிப்பு விட்ட குழாயும் தாங்காது. புதுச் சிலிண்டர் பூட்டும் ஒவ்வொரு முறையும் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் மூடிவிடுங்கள். காஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவு யன்னலைத் திறக்கவேண்டும்.

மின்வெட்டு மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம்வரை போனது. கரண்ட் போகும்போது போட்டது போட்டபடி விட்ட அயன்பொக்ஸ், நடு இரவில் கரண்ட் வரும்போது துணியோடு எரியும். விளக்குக் கொளுத்தும் முன் ஒரு சுற்றுப் போய் எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள், ஒரு பல்ப் மட்டும் போட்டபடி இருக்கட்டும், கரண்ட் வந்தது அதில் தெரியும். கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தலையிடிக்கிறது என்று படுத்தவர் எழும்பமாட்டார். ஜெனரேற்றர் யன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி நிற்கவேண்டும்.

வீதி கலங்குவது ஒரே நாளில் நடக்கும். மே 9 பகலில் கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களை அரச ஆதரவாளர்கள் தாக்கினார்கள். இரவாகும்போது பல மாவட்டங்களில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. கட்டுநாயக்க விமான நிலைய வீதியை இளைஞர்கள் மறித்து வாகனங்களைச் சோதித்தார்கள். மறுநாள், கொள்ளையடிப்போரைச் சுட உத்தரவு வந்தது. பக்கத்து வீடு இலக்காகக்கூடிய ஒருவரின் வீடென்றால், சத்தம் கேட்குமுன்பே வாகனத்தையும் காஸ் சிலிண்டரையும் அந்த மதிலிலிருந்து அகற்றி, மற்றப் பக்கத்து வழியால் உறவினர் வீட்டுக்குப் போங்கள். யன்னலில் நின்று படம் எடுக்கவேண்டாம். படம் எடுப்பவரைக் கூட்டம் சாட்சியாகத்தான் பார்க்கும்.

கண்ணீர்ப்புகை வந்தால் காற்று வரும் பக்கம் நோக்கி, மேடான இடத்துக்கு நடவுங்கள். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கொன்டாக்ட் லென்ஸ் இருந்தால் உடனே கழற்றவேண்டும். வினாகிரி, பற்பசை ஒன்றும் வேண்டாம்.

ஊரடங்கில் வருத்தக்காரரைக் கொண்டுபோக 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைப்பதே முதல் வழி, அதற்குக் காசில்லை. சொந்த வாகனத்தில் போகவேண்டி வந்தால் அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் மடியில் இருக்கட்டும். சோதனைச் சாவடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹெட்லைட்டைத் தாழ்த்தி, உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரிய வையுங்கள். ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்களை முடக்கினார்கள். வட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் அன்று தவித்தன. முக்கிய இலக்கங்களைத் தாளில் எழுதி வையுங்கள், சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்ப வயதானவர்களுக்கும் பழக்குங்கள்.

தமிழருக்கு இதில் இன்னொரு பயம் உண்டு, அதை மறைத்து எழுத முடியாது. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தாக்கிய கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தன. பலரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பங்கள். 2022 இல் கோபம் அப்படித் திரும்பவில்லை, ஆனாலும் அந்தப் பயத்தை வீண் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு வீட்டோடு இப்போதே பேசி வையுங்கள்: இரவில் எந்தக் கேற்றைத் தட்டுவது, பின்மதிலில் ஏணி எங்கே, அம்மாவைத் தூக்க யார் வருவது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள் ஒரு பொலித்தீன் உறையில் அந்த வீட்டிலும் ஒரு தொகுதி இருக்கட்டும்.