"பில் பாஸ் ஆயிடுச்சாமே?"

2019 ஜூலை 11, காலை. நியூஜெர்ஸி எடிசனில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். கும்பகோணத்திலிருந்து அப்பா. "தம்பி, பில் பாஸ் ஆயிடுச்சாமே? டிவியில கீழ ஓடிக்கிட்டே இருக்கு. கார்டு எப்ப வருது?"

முந்தின நாள் ராத்திரியே நானும் பார்த்திருந்தேன். க்ரீன் கார்டுக்கான நாடுவாரி உச்சவரம்பை நீக்கும் எச்.ஆர். 1044, பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியிருந்தது. இரண்டு கட்சிகளும் சேர்ந்து இவ்வளவு ஓட்டுப் போட்டால் அப்புறம் என்ன? "வருஷக் கடைசிக்குள்ள வந்துரும்பா" என்றேன். வாய் கொழுப்பு. அமெரிக்காவின் ஃபெடரல் மசோதாக்களை நான் பின்தொடர ஆரம்பித்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வேலைவழி க்ரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொதுவிதி. இந்தியாவில் பிறந்தவர் வரிசை எத்தனை நீளம் என்று எடிசனில் எந்த மளிகைக்கடையில் நின்று கேட்டாலும் சொல்வார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாதது பல. முதலாவது, அந்த 365. சபை விதிகளை நிறுத்திவைத்து நேரே ஓட்டுக்குக் கொண்டுவரும் வழியில் அந்த மசோதா வந்தது. அந்த வழியில் வந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். விவாதம் 40 நிமிடம், உறுப்பினர்கள் திருத்தம் கொண்டுவர முடியாது. பெரிய எண்ணிக்கையைப் பார்த்து நான் அசந்துபோனேன். மசோதா அடுத்துத் தேற வேண்டிய இன்னொரு அவையான செனட்டில் அந்த எண்ணிக்கைக்கு ஒரு பைசா மதிப்பில்லை.

செனட்டில் அதன் ஜோடி எஸ். 386 (எச்.ஆர். என்றால் சபை மசோதா, எஸ். என்றால் செனட் மசோதா), செனட்டர் மைக் லீ கொண்டுவந்தது. அவர் ஒருமனதாக நிறைவேற்றக் கேட்டார். அதாவது ஓட்டே கிடையாது, "யாருக்கும் ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார்கள், ஒருவரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறிவிடும். நூறு பேரில் ஒரே ஒருவர் எழுந்து "ஆட்சேபிக்கிறேன்" என்றால் முடிந்தது. செப்டம்பரில் டேவிட் பெர்டூ ஆட்சேபித்தார், அக்டோபரில் டிக் டர்பின். ஆபீஸ் மீட்டிங்கை ஊமையாக்கிவிட்டு, அவை நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டும் சி-ஸ்பானில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்க் கல்யாணங்களில் கடைசி நேரத்தில் ஒரு சித்தப்பா முறுக்கிக்கொண்டு நிற்பாரே, அதே காட்சி.

2020 டிசம்பர் 2 அன்று செனட்டில் ஒருவழியாக நிறைவேறியது. அம்மா சாரங்கபாணி கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டாள். ஆனால் செனட் நிறைவேற்றியது பேரம் பேசித் திருத்திய வாசகம், சபை நிறைவேற்றியது வேறு வாசகம். கமா, முற்றுப்புள்ளி உட்பட இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஜனாதிபதி மேசைக்குப் போகும். ஒன்றாகவில்லை. 2021 ஜனவரி 3 நண்பகலில் 116ஆவது காங்கிரஸ், அதாவது இரண்டு அவைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் 116ஆவது தவணை, முடிந்தது. இரண்டு வருஷக் காங்கிரஸ் முடியும்போது சட்டமாகாத மசோதாக்கள் எல்லாம் அதோடு போய்விடும். சேர்த்துவைத்த ஆதரவும் நடந்த விவாதமும் அடுத்ததற்குக் கணக்கில் வராது. புது எண், புதுப் பெயர், முதல் படியிலிருந்து ஆரம்பம். 2022 டிசம்பரில் ஈகிள் ஆக்ட் என்ற பெயரில் வந்தது; சபையில் ஓட்டுக்கு நாள் குறித்துவிட்டு, ஓட்டெடுக்காமலே விட்டுவிட்டார்கள். அந்த முறை அம்மாவிடம் சொல்லவே இல்லை.

இதற்கு வெகு முன்பே எங்கள் வாட்சப் குழுவில் எனக்கு ஒரு பதவி வந்துவிட்டது. யார் எதை ஃபார்வர்ட் செய்தாலும் கீழே "அண்ணா, இது நிஜமா?" என்று என் பெயரைக் கோப்பார்கள். சரி, முறையாகவே செய்வோம் என்று காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் கணக்குத் திறந்தேன். இலவசம்தான், மசோதாவுக்கு ஒரு எச்சரிக்கை வைத்தால் அசைவு வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். குடியேற்றம், வரி, மருத்துவம், கல்வி என்று நான்கு துறைகளுக்கும் வைத்தேன். ஒரு வாரத்தில் அஞ்சல்பெட்டி நிரம்பி வழிந்தது. ஒரு உறுப்பினர் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்துப் போட்டால்கூட அது ஒரு அசைவு.

ஒரு காங்கிரஸில் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் தாக்கலாகின்றன. சட்டமாவது சில நூறு. மீதியில் பெரும்பாலானவை, மசோதாவை ஆராயும் உறுப்பினர் குழுவுக்கு அனுப்பப்பட்ட நாளோடு நின்றுவிடும். "கடைசி நடவடிக்கை: குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்று ஒன்றரை வருஷம் பழைய தேதியோடு இருந்தால் அந்த மசோதா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது என்று அர்த்தம். எச்1பி வேலை விசாவை ஒழிக்கும் மசோதா, இரட்டிப்பாக்கும் மசோதா இரண்டும் ஒரே வாரத்தில் தாக்கலாகும்; நம் செய்தித்தளங்கள் இரண்டுக்கும் "அதிர்ச்சி" போடும். தாக்கல் செய்ய ஒரு உறுப்பினர் போதும். தொகுதிக்காரர்களிடம் காட்ட ஒரு எண் கிடைக்கும், அவ்வளவே. குழுவில் திருத்தி ஓட்டெடுக்கும் கூட்டம் நடக்காதவரை எதையும் குழுவில் பகிர மாட்டேன் என்று ஒரு விதி வைத்தேன். குழு என்றதும் ஒரு தம்பி "நம்ம வாட்சப் குழுவுலயாண்ணா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அங்குள்ளதைக் கமிட்டி என்றே சொல்கிறேன்.

என்னை உண்மையில் தடுமாற வைத்தது மருத்துவம்.

2019 மார்ச்சில் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். எங்கள் காப்பீட்டு வலையமைப்பில் உள்ள, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைதான். ஆனால் மயக்கமருந்து கொடுத்தவர் வலையமைப்பில் இல்லை. ஆறு வாரம் கழித்து 2,870 டாலருக்குத் தனியாக ஒரு பில் வந்தது. (இந்தப் பில் சட்டமாக யார் அனுமதியும் வேண்டியதில்லை.) ஜூலையில் அப்பாவின் போனுக்குப் பிறகு, இந்த திடீர் பில்களைத் தடுக்கும் மசோதாக்களையும் பின்தொடர்ந்தேன். ஒன்றா, இரண்டா! செனட் சுகாதாரக் கமிட்டியில் எஸ். 1895. சபையில் எரிசக்தி, வணிகக் கமிட்டி வழியே எச்.ஆர். 3630. 2020இல் கல்வி, தொழிலாளர் கமிட்டி எச்.ஆர். 5800 என்று ஒன்று, வரிகளைக் கவனிக்கும் கமிட்டி எச்.ஆர். 5826 என்று இன்னொன்று. நோயாளியிடம் கேட்கக்கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. அப்படியானால் காப்பீட்டு நிறுவனம் மருத்துவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சண்டை: அந்த வட்டாரத்தின் நடுத்தரக் கட்டணத்தை அளவுகோலாக வைப்பதா, நடுவரிடம் போவதா. நான்குக்கும் எச்சரிக்கை வைத்தேன். 2020 டிசம்பர்வரை எல்லாம் அசையாமல் கிடந்தன. மசோதாக்களைக் குறித்துவைக்கும் என் வரிசைத்தாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) நான்கையும் சாம்பல் நிறமாக்கினேன்.

அந்த மாதக் கடைசியில் செய்தியில் பார்க்கிறேன், திடீர் பில்களுக்குத் தடை சட்டமாகிவிட்டதாம்! என் நான்கு எண்ணும் இருந்த இடத்திலேயே இருக்க, சட்டம் எப்படி வந்தது? எச்.ஆர். 133 என்ற மசோதாவின் உள்ளே, பிரிவு பிபி என்ற பகுதியில். அந்த எச்.ஆர். 133 தாக்கலானபோது மெக்சிகோவுடன் பொருளாதாரக் கூட்டுறவு பற்றிய சின்ன மசோதா. அதன் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, அரசுச் செலவு ஒதுக்கீடு, கொரோனா நிவாரணம், இன்னும் பலதையும் வைத்து 5,593 பக்கமாக்கி, டிசம்பர் 21 அன்று ஒரே நாளில் இரண்டு அவைகளிலும் நிறைவேற்றினார்கள். டிசம்பர் 27 அன்று கையெழுத்து.

அரக்கோணம் ஸ்டேஷனில் பெட்டியைக் கழற்றி வேறு எஞ்சினில் கோப்பதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். நான் எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். பெட்டி வேறு தண்டவாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. இது அபூர்வமும் இல்லை. 2020இன் கேர்ஸ் ஆக்ட் போனது, காப்பீட்டு வரி ஒன்றை நீக்க வந்த எச்.ஆர். 748 என்ற எண்ணில். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், ராணுவத்தினர் வீடு வாங்கும் வரிச்சலுகைக்காக வந்த எச்.ஆர். 3590 மேல் ஏறிப்போனது. வருவாய் சம்பந்தப்பட்டது சபையில்தான் தொடங்க வேண்டும் என்பது அரசியல் சாசனம். அதனால் சபை ஏற்கெனவே அனுப்பிய ஒரு காலிக்கூட்டைச் செனட் எடுத்துக்கொள்ளும்.

வரிசைத்தாளைத் தூக்கிப்போட்டுப் புதிதாகப் போட்டேன். எண்ணைவிட முக்கியமாக, மசோதாவில் எனக்கு வேண்டிய அந்த ஒரு பத்தி. அதில் மட்டுமே வரும் இரண்டு மூன்று சொற்கள். பக்கத்துக் கட்டத்தில், அது ஏறக்கூடிய வண்டி எது என்று: செப்டம்பர் 30 அன்று நிதியாண்டு முடிவதால் வரும் செலவு மசோதா, ஆண்டுதோறும் வரும் பாதுகாப்புத் துறை அனுமதி மசோதா, பட்ஜெட் சமரச மசோதா. தனியாக நடந்துபோகும் மசோதா அநேகமாக ஊர் போய்ச் சேராது.

துறைவாரி எச்சரிக்கையையும் நம்பாதீர்கள். காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு ஒரு மசோதாவுக்கு ஒரே ஒரு துறைப் பெயர்தான் சூட்டும். ஆயிரம் பக்க மசோதாவுக்கும் ஒன்றுதான்.

நடுவில் ஒரு சிரிப்பு. 2022 மார்ச் 15 அன்று, கடிகாரத்தை வருஷத்துக்கு இரண்டுமுறை திருப்பும் வழக்கத்தை ஒழிக்கும் எஸ். 623ஐச் செனட் ஒருமனதாக நிறைவேற்றியது. மனைவிக்கு ஏக சந்தோஷம்; ஊரோடு ஒன்பதரை மணி வித்தியாசமா, பத்தரையா என்று அவள் அம்மாவிடம் வருஷாவருஷம் விளக்குவது மிச்சம் என்று. "இன்னும் சபை இருக்கு" என்றேன். மறுநாள் நிலவரம் "மேசையில் வைக்கப்பட்டுள்ளது" என்று வந்தது. அந்தக் காங்கிரஸ் முடியும்வரை மேசையிலேயே இருந்தது. இப்போதும் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

புது வரிசைத்தாளுக்கு உண்மையான பரீட்சை 2025 மே மாதம். அப்பா மறுபடியும் போன். "தம்பி, நீ அனுப்புற பணத்துக்கு அஞ்சு பர்சென்ட் புடிச்சுக்குவாங்களாமே?"

இந்த முறை செய்தி பொய்யில்லை. வரிகளைக் கவனிக்கும் சபைக் கமிட்டியின் வரைவில், குடியுரிமை இல்லாதவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 5 சதவீதம் என்று இருந்தது. அது ஏறியிருந்த வண்டியும் சாதாரண வண்டி இல்லை: எச்.ஆர். 1, பட்ஜெட் சமரச மசோதா. செனட்டில் வழக்கமாக வேண்டிய 60 ஓட்டு தேவையில்லாமல் சாதாரணப் பெரும்பான்மையில் போய்விடும். குழுவில் ஒரே அமளி. வீடு கட்ட ஊருக்கு அனுப்ப வைத்திருந்த மொத்தத்தையும் மே மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு தம்பி நின்றான். மசோதாவில் அந்தப் பத்தியைத் தேடி, அமலுக்கு வரும் தேதியைக் காட்டினேன்: 2025 டிசம்பர் 31க்குப் பிறகு செய்யும் அனுப்புதல்களுக்குத்தான். "ஏழு மாசம் இருக்குடா, ரூபாய் மதிப்பைப் பார்த்து அனுப்பு." மசோதாவில் முதலில் பார்க்க வேண்டியது அமல்தேதிதான் என்று இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். செய்தியில் அநேகமாக அதுதான் இருக்காது.

அதன்பின் ஏழு வாரம் ஒவ்வொரு வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மே 22 அன்று சபையில் 215க்கு 214 என்று நிறைவேறியபோது விகிதம் 3.5. செனட்டில் ஜூன் கடைசியில் அது 1 சதவீதமாக இறங்கியது. அதைவிடப் பெரியது, யார் என்பது போய் எப்படி என்பது வந்துவிட்டது. ரொக்கம், மணியார்டர், காசாளர் காசோலை போன்றவற்றைக் கொடுத்து அனுப்பினால்தான் வரி. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ இங்கே வழங்கிய கார்டு மூலமோ அனுப்பினால் இல்லை. குடிமகனா, எச்1பியா என்ற கேள்வியே இல்லை. ஜூலை 1 அன்று செனட்டில் 50க்கு 50 ஆகி, துணை ஜனாதிபதி வான்ஸ் ஓட்டில் தேறியது. செனட் திருத்தத்தைச் சபை அப்படியே ஏற்றது. ஜூலை 4 கையெழுத்து.

குழுவில் அந்த ஒன்றரை வரியைப் போட்டேன்: "வங்கியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை." பதினெட்டு கும்பிடு. அன்றிரவே ஒருவர் 5 சதவீதம் என்ற மே மாதக் காணொளியை மறுபடி ஃபார்வர்ட் செய்தார்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். உங்கள் தொகுதி உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன் போடலாம், ஓட்டுரிமை வேண்டியதில்லை. எடுப்பது பெரும்பாலும் அங்கே பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர், அஞ்சல் குறியீட்டைக் கேட்பார். "குடியேற்றம் பற்றி" என்று ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். எண்ணும் பத்தியும் சொல்லி, "கூட்டு ஆதரவாளராகச் சேர்வாரா?" என்று கேட்டால் குறித்துக்கொள்கிறார். ஒருமுறை அந்தத் துறையைப் பார்க்கும் உதவியாளரே திருப்பி அழைத்தார்.

க்ரீன் கார்டு இன்னும் வரவில்லை. மாதாமாதம் வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டினில் வரிசை என் தேதிவரை வந்துவிட்டதா என்று பார்ப்பது தனி வேலை. போன வாரம் அப்பா கூப்பிட்டார். ஏதோ ஒரு பில் என்று டிவியில் ஓடுகிறதாம். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்: "ஹவுஸா, செனட்டாப்பா?"

"தாக்கல்தான் பண்ணியிருக்காங்கப்பா."

"அப்ப சரி," என்றவர், எடிசனில் குளிர் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார்.